மழித்த முகம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் படித்தேன். மறுநாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் எடுத்து இன்னொரு முறை படித்தேன். வசந்தாவிடம் காட்டவில்லை. காட்டு என்றும் நீ எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. அவளைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, அவளுக்கென்று ஒரு வரி இல்லை. அதனால் என்னிடமே வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எதற்காவது குறை வைத்தேனா, அவள் எதிரில் ஒரு தடவையாவது கண் கலங்கினேனா, ஆபீசுக்கு ஒரு நாள் மட்டம் போட்டேனா, ஓர் ஆண்பிள்ளை செய்ய வேண்டியதில் எதைச் செய்யாமல் விட்டேன், பின் எதற்காக என்னைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் ஆறுதல் சொல்வதில் கெட்டிக்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அவள் இங்கே வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தாமலில் பிறந்த வீட்டில் அவளுக்கு அப்பாவும் அண்ணனும்தான். அம்மா இல்லாத வீட்டுக்கு இந்த உடம்போடு போக மனம் வரவில்லை என்று இங்கே வந்தாள். காலையில் எழுகிறாள், குளிக்கிறாள், நான் பள்ளிக்குப் போவதற்குள் உலை வைத்துவிடுகிறாள். சொன்னால் சாப்பிடுகிறாள். சொல்லாவிட்டால் கேட்பதில்லை. பால் கட்டி ஒரு வாரம் துன்பப்பட்டாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, ரவிக்கையைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். அழுது நான் பார்க்கவில்லை. நானும் அவளும் ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு வேலையைப் பாதிப் பாதியாகச் செய்வதுபோல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது பழகிய நடமாட்டம்தான்.

போன வாரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள். நிமிர்ந்து பார்க்காமல் முறத்தைப் பார்த்தே பேசினாள். "அத்த, அன்னிக்கி மத்தியானம் அவரு வந்தாரு. மொகம் பளபளன்னு இருந்திச்சி. காதாண்ட பவுடர் ஒட்டிக்கினு இருந்திச்சி, அதக்கூட தொடச்சிக்கல. நான் இன்னும் பொடவ கூட மாத்தல. அவரு அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிக்கினு வந்துட்டாரு." அவ்வளவுதான். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் இது. நீ இதைப் படித்துவிட்டு, ஒரு சவரத்துக்காகவா என்று கேட்பாய். ஆமாம், அந்தச் சவரத்துக்காகத்தான்.

நீ தாடி வளர்க்க ஆரம்பித்தபோது எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாய். ஆபீசில் ஒருவர் பழனிக்கா திருப்பதிக்கா என்று கேட்டார், மேலதிகாரி கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார், கழுத்துப்பட்டைக்கு மேல் இந்தத் தாடி ஒட்ட வைத்ததுபோல் இருக்கிறது என்று. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது என்பதை எங்கே போய் நீ நம்பினாய் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வசந்தா கேட்டாள், அதற்காகத்தான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு நான் சிரிக்கவில்லை. கத்திக்கும் கருவுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் ஏழு மாதம் அவள் சுமந்தாள். உன் பங்குக்கு நீ சுமந்தது அந்தத் தாடி ஒன்றுதான். தினமும் அதைப் பார்த்துத்தான் அவள் உன்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். குழந்தை போன அன்று காலை நீ ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த சலூனுக்குப் போய் அதை எடுத்துவிட்டு, மத்தியானம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று எல்லாம் சரியாகிவிடும் என்றாய். அவள் கண்ணுக்கு, நீ சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்பதாகப் பட்டிருக்கிறது.

நீ ஏன் போனாய் என்று நான் ஊகிக்கிறேன். சென்னையில், அந்த நேரத்தில், ஒரு மனிதன் கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்காத இடம் சலூன் நாற்காலி ஒன்றுதான். இது என் ஊகம். உண்மை வேறாகவும் இருக்கலாம். உண்மையைச் சொல்ல வேண்டியவன் நீ, அதைக் கேட்க வேண்டியவள் நான் இல்லை.

உனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து இறந்தது உனக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் உனக்குச் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு உத்திரமேரூரில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிற வீட்டுக்கு வந்தவள் என்று தெருவே என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலம். கர்ப்பமானதை நான் யாருக்கும் சொல்லவில்லை. உன் அப்பாவின் தாடி சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே பெண்ணின் வயிறு தெரிவதற்கு முன்னால் ஆணின் முகத்தில் தெரிந்துவிடும். இரண்டு வாரம் சவரம் செய்யாமல் கழனிக்குப் போனால் போதும், வரப்பில் எதிரே வருகிறவர் நின்று, "இன்னா, வூட்ல விசேஷமா?" என்று கேட்பார். அப்பா தாடியைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. மீசை எல்லோருக்கும் இருந்தது. தாடி, பிள்ளை வரப்போகிறவனுக்கு மட்டும்.

எட்டாம் மாதம் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. பிரசவம் பார்க்க வந்தது முனிசாமியின் மனைவி. முனிசாமி நம் தெருவுக்குச் சவரம் செய்கிறவர். புருஷன் முகம் மழிப்பார், மனைவி பிரசவம் பார்ப்பாள். அந்தக் குடும்பத்துக்கு வைத்திருந்த வேலை அது. அவள் கை கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். மூன்றாம் நாள் காலையில் முனிசாமி தோல் பையோடு வந்தார். யாரும் ஆள் அனுப்பவில்லை, அவருக்கே முறை தெரியும். கிணற்றடிக்குப் பக்கத்தில் அப்பாவை உட்கார வைத்துத் தாடியை எடுத்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தம், பிறகு தாடி மழிக்கிற சத்தம். வேறு ஒரு சத்தமும் இல்லை. அப்பா எழுந்து முகம் கழுவிக்கொண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு ஏர் பூட்டப் போய்விட்டார். அந்த முகத்தோடு அவர் தெருவில் நடந்து போனதுதான் ஊருக்குச் செய்தி. அவர் கோயிலைத் தாண்டுவதற்குள் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். "வவுத்துல தங்கலியாமே." "படிச்ச பொண்ணுங்க ஒடம்பே அப்பிடித்தான், சூடு." நான் கேட்கிறேன் என்று தெரிந்தேதான் பேசினார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை. சாயங்காலம் அப்பா வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். எங்களுக்குள் அந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வருஷம் நீ வந்தாய். நீ வயிற்றில் இருந்தபோது அப்பா தாடி வளர்க்கவில்லை. காஞ்சிபுரம் போய் ஒரு சேஃப்டி ரேசரும் பிளேடும் வாங்கி வந்தார். காலையில் கிணற்றடியில் கண்ணாடியை மரக்கிளையில் மாட்டித் தானே மழித்துக்கொள்வார். தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்கிற ஆண் அப்போது இந்தத் தெருவில் கிடையாது. அதுவும் கர்ப்பக்காரி வீட்டில். உன் பெரியத்தை, அப்பாவின் அக்கா, அப்போது இங்கேதான் இருந்தார். புருஷனை இழந்து வந்து இந்த வீட்டை நடத்திக்கொண்டிருந்தவர். அவர் ஒரு நாள் அடுப்படியிலிருந்தே கேட்டார்: "ஏன்டா, அவ சொன்னாளா? பொம்பள பேச்சுக்குத் தாடிய எடுத்தவன், நாளிக்கி மீசயயும் எடுப்ப. பொடவ ஒண்ணு குடுக்கட்டா?" ஏரிக்கரையிலும் அதே பேச்சு. "இன்னா பங்காளி, புது மாப்ள கணக்கா கீது மொகம்?" "அவுங்க வூட்ல பி.ஏ. பாஸு. சவரத்துக்கும் பரீட்ச வெக்கிறாங்கோ போல." அப்பா இதை எல்லாம் வாங்கிக்கொண்டு, வெயிலுக்குத் தாடி அரிக்கிறது என்று மட்டும் சொல்வார். தாடியை எடுக்கச் சொன்னது நான் இல்லை என்று அவர்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன் என்றும் சொல்லவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தப் பிள்ளையும் தங்காது என்று இவர் தீர்மானித்துவிட்டார், காத்திருக்க இவருக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன். மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்கிய ஒரு தாடி இல்லாமல் போனது என்னை அவ்வளவு வருத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படிப்பு அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. தினமும் காலையில் அவர் முகம் மழித்துக்கொண்டு உள்ளே வருவார், நான் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு காபி கொடுப்பேன். வசந்தா சுவரைப் பார்ப்பது எதனால் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் முனிசாமி வந்தார். நான் சமையலறை ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தேன். அவர் கிணற்றடியில் நின்று, "நைனா, எம்மேல இன்னா கோவம்? எங்கை சுத்தமில்லியா? ஊர்ல எல்லாம் என்னியத்தான் கேக்கறாங்கோ" என்றார். அப்பா மரக்கிளையிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "கோவம் இன்னாத்துக்கு முனிசாமி. போன தபா நீ மழிச்சிட்டுப் போன. நான் தெருவுல போறதுக்குள்ள ஊரே வூட்டாண்ட வந்துச்சி. அவ உள்ள படுத்துகினு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தா. இந்த தபா எம்மூஞ்சியப் பாத்து எவனும் எதயும் தெரிஞ்சிக்க வாணாம். புள்ள இருந்தாலும் அதே மூஞ்சி, போனாலும் அதே மூஞ்சி." முனிசாமி, "அதுவும் சரிதான் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் வந்து சொல்வார் என்று காத்திருந்தேன். அன்று சொல்லவில்லை, நீ பிறந்த பிறகும் சொல்லவில்லை. இந்தக் கதையைக் கேட்டால் நீ உன் அப்பாவை நினைத்துப் பெருமைப்படுவாய். படு. ஊர் முழுக்கக் கேலி செய்தும் அசையாமல் இருந்தார், அது சின்ன விஷயமில்லை. ஆனால் நான் இதை அதற்காக எழுதவில்லை. எனக்காகச் செய்ததை அவர் முனிசாமியிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. நடுவில் ஒரு ஜன்னல் இல்லாமல் போயிருந்தால், நான் இன்றுவரை அவரைக் கல் என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். வசந்தாவுக்கு அப்படி ஒரு ஜன்னல் இல்லை. நீ எனக்கு எழுதுகிறாய், ஆபீசில் இருக்கிற சிநேகிதனிடம் பேசியிருப்பாய், அவளிடம் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாய்.

இதை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்றும் யோசித்துப் பார்த்தேன். பத்தாவது முடித்த லீவில் அப்பாவின் ரேசரை எடுத்து முதல் தடவை சவரம் செய்துகொண்டாய். அப்போதே நடுவகிடு கூடாது, மீசை கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும் என்றெல்லாம் உனக்கு அளவுகள் வந்துவிட்டிருந்தன. தாடையில் நன்றாக வெட்டிக்கொண்டாய். ரத்தம் பனியனில் வடிந்தது. உன் உதடு நடுங்கியது, நான் பார்த்தேன். அப்பா படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஆம்பளப் புள்ள இதுக்குப் போயி மொகத்த சுளிக்கிறதா, சிரிடா" என்றார். நீ சிரித்தாய். அவர் முதுகில் தட்டினார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். ஒரு சின்ன வெட்டுக்காயம்தானே. எரிகிறதை எரிகிறது என்று சொல்லாமலிருக்க உனக்கு அன்று நன்றாக வந்துவிட்டது, இப்போது எரிகிறதா என்று கேட்டால் உனக்கே தெரியாத அளவுக்கு.

உன் கடிதத்தை அப்பாவுக்கு நான் படித்துக் காட்டினேன். உன் அனுமதி இல்லாமல்தான். மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து அடுப்படி வாசலில் குந்தியிருந்தார். வசந்தா பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆபீசுக்குப் போவாம இன்னா பண்ணுவான்? குந்திகினு அழுவானா? நானும்தான் அன்னிக்கி ஏர் பூட்டப் போனேன்" என்றார்.

"போனீங்க. அன்னைக்கு எந்தக் கழனியை உழுதீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எதயும் உழல" என்றார். கொஞ்சம் கழித்து, "மாட்ட அவுத்து வுட்டுட்டு ஏரிக்கரையில குந்திகினு இருந்தேன். சாயங்காலம் வரிக்கும். கரையில போறவங்க கேட்டாங்கோ, மாடு நொண்டுதுன்னு சொன்னேன்" என்றார். பிறகு, "மாடு நல்லாத்தான் இருந்துச்சி" என்றார்.

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவர் அதைச் சொன்னார். இப்படி ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேனோ, அது வந்தபோது எனக்குள் என்ன நடந்தது என்று நீ கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. உலை பொங்கி வழிந்தது, மூடியை எடுத்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரியும். குழந்தை போன அன்றைக்கு எனக்கு இருபத்திரண்டு வயது. உள்ளே படுத்துக்கொண்டு, இவருக்கு உழவு இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. அந்த இருபத்திரண்டு வயதுக்காரி இப்போது இல்லை. அவள் பெயரில் வந்ததை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சாதம் வடித்தேன். அப்பா எழுந்து போய்க் கொல்லையில் நின்று, "வெயில்ல நிக்காதம்மா, உள்ள வா" என்று வசந்தாவிடம் சொன்னார். அவரால் முடிந்தது அது.

எனவே உனக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மறுபடியும் தாடி வளர்த்துக்கொண்டு வந்து நிற்காதே, அது நாடகம். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதே; சரியாகவில்லை, அவளுக்கு அது தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று சொல். ஒன்றும் இல்லாமல் மரத்துப் போயிருந்தால் அதையே சொல். நான் அவளாக இருந்தால் அதுவும் போதும். அவள் எதிரில் குரல் உடைந்தால் உடையட்டும். உன் அப்பா எதிரிலும் உடையட்டும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் உடனே உன் பக்கம் திரும்புவாள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்து தாமலுக்கு அழைத்துப் போகிறான். பெட்டியில் துணி அடுக்கிவிட்டாள். சென்னைக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நீ சனிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டால் காஞ்சிபுரம் வந்து மத்தியானப் பஸ்ஸில் இங்கே வந்துவிடலாம். லீவு கிடைக்காவிட்டால் லீவு இல்லாமல் வா.

இதை எழுத உட்கார்ந்தபோது உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு சொன்னாள்: "நீங்க எழுதுங்க அத்த. வர வாணாம்னு மட்டும் எழுதிடாதீங்க."

எழுதவில்லை.

அம்மா